ஆட்டக் கூடத்தில் பிறந்த சங்கீதம்

இன்று அமெரிக்காவின் பெரிய நகரங்களில் ஜாஸ் கச்சேரிக்குப் போகிறவர்களில் பலர், நாற்காலியில் அமர்ந்து, ஒவ்வொரு வாத்தியக்காரரும் தனித்து வாசித்து முடிக்கும்போது மட்டும் கைதட்டி, மற்ற நேரமெல்லாம் அசையாமல் இருப்பதையே ரசிகருக்குரிய லக்ஷணமாகக் கருதுகிறார்கள். ஆனால் அந்தச் சங்கீதத்தின் பழைய சம்பிரதாயத்தை நேரில் கேட்கும்போது, கார்னெட்டும் கிளாரினெட்டும் டிராம்போனும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு எழுந்த சில நிமிஷங்களுக்குள்ளாகவே தரையைத் தட்டத் தொடங்கும் பாதமும், அதைத் தொடர்ந்து அசையும் தோளும், எழுந்து ஆட வேண்டும் என்று சரீரம் முழுவதும் பரவுகிற தாபமும், சபை மரியாதைக்குப் புறம்பான சபலங்கள் அல்ல என்பதற்கு அதன் சரித்திரமே சாக்ஷி. ஆடுகிறவர்களுக்காகவே, ஆடுகிறவர்கள் கொடுத்த காசிலேயே வளர்ந்த சங்கீதம் அது.

மிஸிஸிப்பி நதியின் வளைவில் 1718-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஸ்தாபித்து, பிறகு ஸ்பானியர் ஆண்டு, 1803-ல் அமெரிக்கா விலைக்கு வாங்கிய, ஜாஸின் பிறப்பிடமான நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில், அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்க ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி ஆடும் வழக்கம் வெகுநாளாக இருந்துவந்தது. அதை ஓரிடத்துக்குள் அடக்கி வைக்க எண்ணிய நகர சபை 1817-ல் விதி செய்ய, ஊருக்குப் பின்புறத்திலிருந்த காங்கோ சதுக்கம் என்னும் மைதானம் அவர்களுக்கு உரிய இடமாயிற்று. 1819-ல் அங்கே சென்ற லட்ரோப் என்னும் கட்டடக்கலை நிபுணர், ஐந்நூறு அறுநூறு பேர் வட்டம் வட்டமாகக் கூடியிருந்ததையும், முழவுகளையும் ஒரு நரம்பு வாத்தியத்தையும் கண்டு, அந்த ஒலி தமக்குச் சிறிதும் பிடிக்காவிட்டாலும், வாத்தியங்களைச் சித்திரமாக வரைந்து வைத்தார்; அவர் செய்த உபகாரம் பெரிது. அந்தக் கூட்டங்கள் உள்நாட்டு யுத்தத்துக்கு முன்பே மங்கிவிட்டபடியால், ஜாஸ் அங்கிருந்து நேராகப் பிறந்தது என்று சொல்வதற்கில்லை. எனினும் வாசிப்பவரும் ஆடுபவரும் ஒரே வட்டத்துக்குள் நிற்பவர்கள் என்ற எண்ணம் அந்த ஊரில் அழியாமல் இருந்தது என்பதே என் அபிப்பிராயம்.

விடுதலை பெற்ற பின் அந்த ஜனங்கள் தங்களுக்குள் பரஸ்பர சகாய சங்கங்களை ஏராளமாக அமைத்துக்கொண்டார்கள். யுத்தத்துக்கு முன்பே சுதந்திரர்களாயிருந்த கறுப்பர்களின் சங்கம் ஒன்று 1857-லேயே டிரெமே பகுதியில் எகானமி ஹால் என்ற கூடத்தைக் கட்டியிருந்தது. இத்தகைய கூடங்களில் இரவு முழுவதும் ஆட்டம் நடக்கும். வால்ட்ஸ், மஸுர்க்கா, குவாட்ரில் ஆகிய ஐரோப்பிய ஆட்டங்களும் வேண்டும். நேரம் ஆக ஆக, ஜோடிகள் நெருங்கி நின்று மெல்ல இழைந்து ஆடும் ஆட்டங்களும் வேண்டும். இத்தனைக்கும் ஈடுகொடுக்கத் தெரியாத கோஷ்டிக்கு அடுத்த வாரம் அழைப்பு வராது. 1877-ல் பிறந்த பட்டி போல்டன் என்ற கார்னெட் வித்வான் புகழ் பெற்றது இந்தச் சூழ்நிலையில்தான். பெர்டிடோ வீதியில் சனிக்கிழமை இரவு ஆட்டத்துக்கும் ஞாயிறு காலை ஜபத்துக்கும் ஒருசேர உபயோகப்பட்ட ஒரு கூடத்தில் அவர் வாசித்ததை, சிறுவனாயிருந்த லூயி ஆம்ஸ்ட்ராங் தெருவில் நின்று கேட்டிருக்கிறார். 1907-ல் சித்தம் கலங்கி மனநோய் மருத்துவமனை புகுந்த போல்டன் 1931-ல் அங்கேயே காலமானார். அவர் வாசிப்பில் ஒரு ஸ்வரம்கூட இசைத்தட்டில் பதிவாகி நமக்குக் கிடைக்கவில்லை. ஆட்டக்காரர்களின் ஞாபகத்தில்தான் அவர் கீர்த்தி தங்கியிருக்கிறது.

அந்தச் சங்கீதம் கால்களை ஏன் அப்படி அசைக்கிறது என்று ஆராய்ந்தால், ராணுவ அணிநடைக்குரிய வாத்தியங்களையும் தாளத்தையும் எடுத்துக்கொண்டு, அழுத்தம் விழும் இடத்தை மட்டும் அந்த வாத்தியக்காரர்கள் மாற்றிவிட்டது புலப்படும். அணிநடையில் முதல் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் கிடைக்கிற கனம் இங்கே இரண்டுக்கும் நான்குக்கும் போய்ச் சேர, எதிர்பார்த்த இடத்தில் விழாத அடியைச் சரீரம் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. ஆடுகிறவன், இவ்வாறாக, கோஷ்டியில் இல்லாத ஒரு வாத்தியத்தை வாசிக்கிறான்.

இதை மிக நன்றாக விளக்குவது அவ்வூரின் சவ ஊர்வலம். சங்கத்தைச் சேர்ந்தவர் இறந்தால், சிறு முரசின் நரம்புகளைத் தளர்த்தி ஒலியை மழுக்கி, வாத்திய கோஷ்டி துதிப் பாடல்களை மந்த கதியில் வாசித்துக்கொண்டு மயானம் வரை செல்லும். அடக்கம் முடிந்து சற்றுத் தூரம் வந்தபின், முரசின் நரம்புகள் மீண்டும் இறுக்கப்பட்டு ஒரு துள்ளல் மெட்டு கிளம்பும். உறவினரும் கோஷ்டியும் முன் செல்ல, அவர்களுக்குப் பின்னால் அழைப்பில்லாமல் சேர்ந்துகொண்டு குடையையும் கைக்குட்டையையும் வீசி ஆடும் ஜனத்திரளுக்கு 'ஸெகண்ட் லைன்' என்று பெயர். இறந்தவர் இம்மையின் துன்பங்களிலிருந்து விடுபட்டார் என்ற சந்தோஷத்தைச் சொல்வது அந்த ஆட்டம். துக்கத்துக்கும் களிப்புக்கும் இவ்வளவு கிட்டத்தில் இடம் கொடுத்த வேறு சங்கீதத்தை நான் அறியேன்.

சங்கீதத்துக்கும் ஆட்டத்துக்கும் இருந்த இந்த உறவு பிற்காலத்தில் பிரிந்ததற்குக் காரணங்கள் பல. அவற்றில் இரண்டு ரசிகர்களுடைய ருசியைச் சேர்ந்தவையே அல்ல. 1923-ல் நியூ ஆர்லியன்ஸ் கார்னெட் வித்வான் கிங் ஆலிவரின் கோஷ்டி, இளைஞரான ஆம்ஸ்ட்ராங்குடன், இண்டியானாவிலுள்ள ரிச்மண்ட் நகரத்தில் இசைத்தட்டுகளுக்காக வாசித்தபோது, பெருமுரசின் அதிர்ச்சியால் பதிவு ஊசி துள்ளிவிடும் என்று அஞ்சி, முரசு வாசிப்பவரான பேபி டாட்ஸை முரசின்றி மரக்கட்டையைத் தட்டும்படி செய்தார்கள். ஆகவே உலகம் தட்டில் கேட்டது, ஆட்டத்துக்கு அஸ்திவாரமான ஒலி நீக்கப்பட்ட ஜாஸ். மற்றொன்று 1944-ல் யுத்த காலத்து வரி. பாட்டோ ஆட்டமோ நடக்கும் கேளிக்கை விடுதிகளின் வருமானத்தில் முதலில் நூற்றுக்கு 30-ம், விரைவில் குறைக்கப்பட்டு 20-ம் விதிக்கப்பட்டது. வாத்தியம் மட்டும் ஒலித்தால் வரி கிடையாது. விடுதிக்காரர்கள் ஆட்டத் தரையை மூடி மேஜைகளைப் போட்டார்கள். நியூயார்க்கின் ஹார்லெமில் 1926 முதல் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து ஆடிய ஸவாய் ஆட்டக் கூடமும் 1958-ல் மூடப்பட்டது.

பழைய வாத்தியக்காரர்கள் வேலையின்றி மூப்படைந்திருந்த அந்தச் சமயத்தில், 1961-ல் நியூ ஆர்லியன்ஸின் ஸெயிண்ட் பீட்டர் வீதியில் தொடங்கப்பெற்ற பிரிசர்வேஷன் ஹால் அவர்களுக்கு மீண்டும் ஒரு சபையைக் கொடுத்தது. அதற்காக அந்த ஸ்தாபனத்தாருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். மதுபானமும் அலங்காரமும் இல்லாத அச்சிறிய அறையில் ஜனங்கள் பெஞ்சியிலும் தரையிலும் நெருக்கியடித்து உட்கார, ஆடுவதற்கு இடமில்லை. ஆயினும் முழங்காலில் மணிகளைக் கட்டிக்கொண்டு பியானோ வாசித்த ஸ்வீட் எம்மா பாரெட், தாளத்துக்குக் காலைத் தட்டும்போதெல்லாம் அம்மணிகள் சலங்கைபோலக் குலுங்கி, ஆட்டம் அந்த அறையை விட்டுப் போய்விடவில்லை என்று அறிவித்தன.

வீதியில் அது இன்னும் விசாலமாக வாழ்ந்தது. 1970-ஐ ஒட்டி, டானி பார்க்கர் என்ற முதிய பாஞ்ஜோ வித்வான், ஃபேர்வியூ பாப்டிஸ்ட் ஆலயத்துச் சிறுவர்களைச் சேர்த்து ஊர்வல வாத்தியம் பயில்வித்தார். அந்த முயற்சியின் கிளையாக 1977-ல் தோன்றிய டர்ட்டி டஜன் பிராஸ் பாண்ட், ஊர்வல மெட்டுகளின் வேகத்தை மிகவும் கூட்டி, புதிய காலத்துப் பாட்டுகளையும் அவற்றோடு கலந்தது. சம்பிரதாயம் கெட்டது என்று முதியோர் சிலர் வருந்தினார்கள். அவர்களுடைய வருத்தத்தை மதிக்கிறேன். ஆனால் இந்தச் சங்கீதத்தில் வேகத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் எந்நாளும் ஆடுகிறவர்களிடமே இருந்துவந்திருக்கிறது; டிரெமேயின் வீதிகளில் அந்த இளைஞர்களுக்குப் பின்னால் திரண்ட கூட்டமோ, ஊர்வலம் முடிகிறவரை ஒரு அடியும் தவறாமல் ஆடிற்று.