டின் பால்: மூன்று டப்பாக்களின் கதை

புதுக்கோட்டை மாவட்டத்துக் கடலோரத்தில் கோட்டைப்பட்டினம், மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம் பக்கம் போனால் சிங்கப்பூர், மலேசியா எல்லாம் பக்கத்து ஊர் மாதிரிதான். சபுராளிகள் வந்து இறங்கினால் பெட்டியில் கோடாலித் தைலமும் பால் டின்னும் இருக்கும். இங்கே டீக்கடையில் கறந்த பாலில் டீ போடுகிறார்கள். அதே ஊர்க்காரர்கள் அங்கே கடை வைத்தால் டின் பாலில் போடுகிறார்கள். ஏன்?

மலாயாவில் மாடு வளர்த்துப் பால் கறக்கும் வழக்கம் பெரிதாக இல்லை. மலாய்க்காரர்கள், சீனர்கள் சமையலில் பாலுக்கு இடம் குறைவு. பால் தேடியவர்கள் வெள்ளைக்காரர்களும் நம்மவர்களும்தான். அந்த வெப்பத்தில் கறந்த பால் சில மணி நேரம்கூடத் தாங்காது. அதனால் கப்பலில் வந்த டின் பால் சந்தையைப் பிடித்தது.

அங்கே கடையில் 'தே' என்றால் இனிப்புக் கெட்டிப்பால் (கண்டென்ஸ்டு மில்க்) ஊற்றிய டீ. 'தே சி' என்றால் சர்க்கரை சேர்க்காத சுண்டப் பால் (இவாப்பரேட்டட் மில்க்) ஊற்றியது. 'தே ஓ' என்றால் பாலே கிடையாது. அந்த 'சி' கார்னேஷன் என்ற டின் பெயரிலிருந்து வந்தது என்று சிலர் சொல்வார்கள். சீன வட்டார மொழிச் சொல் என்று வேறு சிலர் சொல்வார்கள்.

இந்த இரண்டு டின்களும் ஒன்றல்ல. பலரும் குழம்புவது இங்கேதான்.

முதலில் வந்தது இனிப்புப் பால். அமெரிக்காவில் கெயில் போர்டன் 1856-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1861-ல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் சிப்பாய்களுக்கு டின் டின்னாகப் போனது. 1866-ல் ஸ்விட்சர்லாந்தின் சாம் என்ற ஊரில் ஆங்கிலோ-ஸ்விஸ் கம்பெனி ஆரம்பமானது. 1905-ல் அது நெஸ்லேயுடன் இணைந்தது. இந்தப் பாலைக் கெடாமல் காப்பது சர்க்கரை. நம் வீட்டு ஜாம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை இல்லாமலே பாலைக் காக்க முடியும் என்று சொன்னவர் அதே சாம் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஜான் மேயன்பெர்க். கம்பெனி அக்கறை காட்டவில்லை. அவர் 1884-ல் அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டார். அடுத்த வருடம் இல்லினாய்ஸில் ஹைலாண்ட் என்ற ஊரில் சுண்டப் பால் தயாரிப்பு தொடங்கியது. பாலில் உள்ள தண்ணீரில் சுமார் 60 சதவீதத்தை நீக்கி, டின்னில் அடைத்து மூடி, பிறகு டின்னோடு சேர்த்துக் கடும் சூட்டில் வேக வைப்பார்கள். கிருமி செத்துவிடும். சர்க்கரை தேவையில்லை.

சத்து விஷயத்துக்கு வருவோம். 100 கிராம் சுண்டப் பாலில் புரதம் சுமார் 7 கிராம், கொழுப்பு 7 முதல் 8 கிராம், கால்சியம் 260 மில்லிகிராம் அளவில் இருக்கும். சரிபாதி தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய சாதாரணப் பால்தான். சூட்டில் வைட்டமின் சி-யும் பி வகைகளில் சிலவும் குறையும். இனிப்புப் பாலில் புரதம் 8 கிராம், ஆனால் சர்க்கரை மட்டும் 54 கிராம்! பாதிக்கு மேல் சர்க்கரை.

மூன்றாவது டின் ஒன்று உண்டு. விபரீதம் அதில்தான். பாலில் இருந்து வெண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் கொழுப்பில்லாத பால் மலிவாகக் கிடைக்கும். (காமர்ஸ் பாடத்தில் 'உபவிளைபொருள்' என்று படிக்கிறோமே, அதுதான்.) அதில் சர்க்கரை சேர்த்து டின்னில் அடைத்தார்கள். ருசி அதே, விலை குறைவு. கொழுப்போடு வைட்டமின் ஏ-யும் டியும் போய்விட்டன. இனிப்புப் பாலுக்கு ஏழு பங்கு தண்ணீர் விட்டால் 100 கிராமில் கொழுப்பு 1 கிராம்தான் வரும். தாய்ப்பாலில் சுமார் 4 கிராம். மூன்றாவது டின்னில் கிட்டத்தட்ட பூஜ்யம்.

வைட்டமின் ஏ இல்லாவிட்டால் குழந்தையின் கண் வறண்டு, கருவிழி புண்ணாகி, பார்வையே போகும். இது ஐரோப்பாவிலும் நடந்தது. முதல் உலகப் போரின்போது டென்மார்க் வெண்ணெயை ஏற்றுமதி செய்துவிட்டு, ஏழைக் குழந்தைகளுக்குக் கொழுப்பெடுத்த பாலைக் கொடுத்தது. கண் நோய் பரவியது. 1917 கடைசியில் வெண்ணெயை ரேஷனில் கொடுக்க ஆரம்பித்ததும் நோய் மறைந்தது. பிரிட்டனில் 1923 விதிகளின்படி அந்த டின்னில் 'குழந்தைகளுக்கு உகந்ததல்ல' என்று அச்சிட வேண்டும். ஆனால் மலாயாவின் ரப்பர் தோட்டத்தில் இருந்த தமிழ்த்தாய்க்கு அந்த இங்கிலீஷ் எழுத்தால் என்ன பயன்? படிக்கத் தெரிந்தவர்களே அங்கு மிகச் சிலர்.

தோட்டத்து வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். விடியும் முன்பே கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வேலைக்குப் போக வேண்டும். ரப்பர் மரத்துக்கு அங்கே பால்மரம் என்று பெயர். அம்மா பால் வெட்டப் போயிருக்கும் நேரத்தில் குழந்தைக்குப் பால் எங்கிருந்து வரும்? டின் கை கொடுத்தது.

1936-ல் மலாயாவுக்கு வந்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் சிங்கப்பூரில் இந்தக் குழந்தைகளைப் பார்த்தார். ஆப்பிரிக்காவில் க்வாஷியோர்கர் என்ற புரதக் குறைபாட்டு நோயை மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னவர் அவர்தான். பால் கம்பெனிகள் நர்ஸ் போல உடை அணிந்த பெண்களை அனுப்பி, தாய்ப்பாலைவிட டின் பால் மேல் என்று நம்ப வைத்தன. 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் பேசிய பேச்சின் தலைப்பு 'பாலும் கொலையும்'. இந்தப் பிரச்சாரத்தால் சாகும் குழந்தைகளின் மரணத்தைக் கொலையாகவே கருத வேண்டும் என்றார். வியாபாரிகள் நிறைந்த சபையில் அப்படிப் பேச எவ்வளவு துணிச்சல் வேண்டும்! பிறகு ஜப்பானியரிடம் சிக்கி சாங்கி சிறையில் கிடந்து, உயிரோடு மீண்டு, உலக சுகாதார நிறுவனத்தில் தாய் சேய் நலப் பிரிவின் தலைவரானார்.

அதே காலத்தில் அமெரிக்காவில் லட்சக்கணக்கான குழந்தைகள் சுண்டப் பால் குடித்துத்தான் வளர்ந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அது முழுக் கொழுப்புப் பால். வைட்டமின் டி சேர்க்கப்பட்டது. டாக்டர் சொன்ன அளவில் கலந்தார்கள். கூடவே ஆரஞ்சுச் சாறும் மீன் எண்ணெயும் கொடுத்தார்கள். வீட்டில் நல்ல தண்ணீர் இருந்தது. (தாய்ப்பாலுக்கு அது ஈடு என்று இன்றைய மருத்துவர்கள் ஒப்ப மாட்டார்கள்.) தோட்டத்து லயத்தில் இவற்றில் எது இருந்தது?

வில்லியம்ஸ் பேசி 42 வருடம் கழித்து, 1981-ல்தான் உலக சுகாதார சபை தாய்ப்பாலுக்கு மாற்றுப் பொருட்களின் விற்பனைக்கு நெறிமுறை கொண்டு வந்தது. இந்தியா 1992-ல் சட்டமே போட்டு அந்த விளம்பரங்களைத் தடை செய்தது.

இன்று மலேசியாவில் விற்கும் பல டின்களில் 'கிரீமர்' என்று எழுதியிருக்கிறது. பால் கொழுப்புக்குப் பதில் அதில் இருப்பது பாமாயில். பழைய ரப்பர் தோட்டங்கள் பலவற்றில் இப்போது நிற்பதும் அந்த மரம்தான்.