தோல் மாறியது, கூடு மாறவில்லை

தாராபுரத்துக்காரன் பரிசல் வைத்திருக்கிறேன் என்றால் சிரிப்பார்கள். அமராவதி ஆற்றில் பல மாதங்கள் மணல்தான் தெரிகிறது. 1950களில் உடுமலைப் பக்கம் அணை கட்டியபின் ஆற்றின் போக்கு அணைக் கதவுகளின் கையில் போய்விட்டது. ஆனால் அணைகளில் வலை விரிக்க இன்றைக்கும் பரிசல்தான் தோது. சத்தியமங்கலம் காட்டுக்குள் தெங்குமரஹாடா மக்கள் மாயாற்றைக் கடப்பதும் பரிசலில்தான். நான் வாங்கியது மீன் பிடிக்க. வாங்கும்போது, செய்து கொடுத்த பெரியவர் சொன்ன முதல் வார்த்தை: "தார் பளபளன்னு இருக்குதேன்னு வாங்கீராதீங்க தம்பி. உள்ளார குனிஞ்சு கூட்டைப் பாருங்க."

உள்ளே முடைந்த கூடு, மேலே ஒரு போர்வை: பரிசலின் வரலாறே அந்த ஒரு பேச்சில் அடங்கிவிடுகிறது.

1520 வாக்கில் விஜயநகரம் வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ், துங்கபத்திரையில் கண்ட வட்டப் படகுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். உள்ளே பிரம்பு, வெளியே தோல். பதினைந்து இருபது பேர் ஏறலாம். துடுப்புப் போடப் போடச் சுற்றிக்கொண்டே போகும். 1803-ல் மராத்தியர் மேல் படையெடுத்த ஆர்தர் வெல்லெஸ்லி, மழைக்காலத்து ஆறுகளைத் தாண்டுவதற்கென்றே கூடைப் படகுகள் செய்யச் சொன்னார். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர் இவர்தான். பாலம் கட்ட நேரமில்லாத சேனைக்கு, வண்டியில் ஏற்றிப் போகக்கூடிய படகு பெரிய வரம். மெட்ராஸ் மாகாண மீன்வளத் துறைக்குத் தலைமை வகித்த ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்தியப் பரிசல்களை ஆராய்ந்து உலகின் மற்ற வட்டப் படகுகளோடு ஒப்பிட்டு எழுதினார். டைக்ரிஸ் ஆற்றில் ஓடிய குஃபா, கூடை முடைந்து நிலக்கீல் பூசியது. வேல்ஸில் மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்திக் கீல் பூசினார்கள். நம்மூரில் மூங்கிலும் மாட்டுத் தோலும்.

தோல் பரிசல் கனம் குறைவு; ஆனால் சோம்பேறிக்கு ஆகாது. தண்ணீரில் ஊறினால் கனம் ஏறும். ஈரத்தோடு போட்டுவைத்தால் அழுகும். கரை சேர்ந்ததும் கவிழ்த்துக் காயவைத்தே தீர வேண்டும். அதனால்தான் பிளாஸ்டிக் சாக்கும் தாரும் வந்ததும் தோல் ஓரம் கட்டப்பட்டது. உர மூட்டைச் சாக்குகளைப் பிரித்துத் தைத்து, கூட்டின் மேல் இழுத்துக் கட்டி, காய்ச்சிய தாரைப் பூசினால் முடிந்தது. ஐந்நூறு வருஷத்தில் போர்வைதான் மாறியது. பயஸ் பார்த்த கூட்டின் சூத்திரம் அப்படியே இருக்கிறது.

ஆகவே பரிசலின் தரம் கூட்டில்தான். பெரியவர் எனக்குக் காட்டியதைச் சொல்கிறேன். மூங்கிலின் வெளிப்புறத் தோல்பகுதிதான் உரம். உள்பக்கத்துச் சோற்றுப்பகுதி அதிகமுள்ள பிளாச்சு வளையாது, முறியும். முற்றாத மூங்கிலில் மாவுச்சத்து மிகுதி, வண்டு துளைக்கும். முற்றியதை வெட்டி நீரில் ஊறப்போட்டால் அந்தச் சத்து குறையும். அடிப்பாகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் ஓடும் பிளாச்சுகள் நடுவில் நெருக்கமாக இருக்க வேண்டும். ஆள் உட்காரும் பாரமும் பாறையில் உரசும் அடியும் அங்கேதான் விழும். முழங்காலை ஊன்றி அழுத்தினால் கூடு அமுங்கித் திரும்ப எழ வேண்டும். நறநறவென்றால் வேண்டாம். விளிம்புக் கட்டுதான் உயிர்: அது தளர்ந்தால் வட்டம் கோணும், கோணிய பரிசல் ஒரு பக்கமாகவே இழுக்கும். இரண்டு திசையில் கயிறு பிடித்து அளந்தால் தெரிந்துவிடும். கடைசியாக, கவிழ்த்துவிட்டு உள்ளே தலையை நுழைத்து வெயிலைப் பார்க்கச் சொன்னார். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்த இடத்தில் அங்கேயே தாரை வைத்தார்.

வேறு சாமான் என்று பார்த்தால் துடுப்பு ஒன்றுதான். கடலில் அலையேறும் சர்ஃப்ஸ்கி படகு வாங்குகிறவர்கள் சுக்கான், கால்மிதி, கார்பன் ஓடு எல்லாம் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். இங்கே சுக்கான் கிடையாது. முன்பக்கம் மண்டியிட்டு, துடுப்பைத் தண்ணீரில் செருகித் தன் பக்கம் இழுக்கிறவனே சுக்கான். அதனால் துடுப்பின் உயரம் ஆளுக்குப் பொருந்த வேண்டும்.

இப்போது ஃபைபர் பரிசல்கள் வந்துவிட்டன. பூச்சி அரிக்காது, அழுகாது, தார் பூசும் வேலையும் இல்லை; குறை சொல்ல மனசில்லை. ஆனால் அதில் உள்ளார குனிந்து பார்க்க ஒன்றுமில்லை: கண்ணாடி இழை எத்தனை அடுக்கு போட்டார்கள் என்பது போட்டவனுக்கே வெளிச்சம். உடைந்தால் பிசினும் கண்ணாடி இழையும் தேடி டவுனுக்குப் போக வேண்டும். மூங்கில் பரிசலில் ஒரு பிளாச்சு போனால் ஒரு பிளாச்சு மாற்றினால் போதும், அதுவும் கரையிலேயே. இதுவரை அதுதான் பரிசலை வாழவைத்தது. மாற்றத் தெரிந்த கைகள் குறைந்துவருவதுதான் இன்றைய சிக்கல். வாங்க நினைப்பவர்கள் விலையைக் கேட்பதற்கு முன், பக்கத்தில் கூடு முடையத் தெரிந்தவர் யார் இருக்கிறார் என்று விசாரியுங்கள். இருந்தால் மூங்கில், இல்லாவிட்டால் ஃபைபர்.