நெல்லிக்காய் அளவு இரும்பு

ஹெரால்டு காரை நினைத்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் சென்னையில் இன்னும் உண்டு. பெருங்களத்தூரை அடுத்து, ஜி.எஸ்.டி. ரோட்டோரத்தில் இருந்த அதே ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் பிறந்து, ஊரார் மூட்டைகளையெல்லாம் சுமந்த 'ஸ்டாண்டர்டு 20' வண்டிக்காகப் பெருமூச்சு விட யார் இருக்கிறார்கள்? பிரிட்டனில் 1958-இல் வந்த அட்லஸ் வண்டியின் இந்திய வாரிசு அது. 1988-இல் உற்பத்தி நின்றது. வண்டிகள் நிற்கவில்லை, அங்கேதான் சங்கடம்.

பழைய வண்டியில் ஸ்டியரிங்கின் முட்டுகள் தேய்கின்றன. வளைவில் முன்சக்கரங்கள் இரண்டும் திரும்ப வேண்டும். ஆனால் ஒரே அளவில் அல்ல, உள்பக்கத்துச் சக்கரம் சற்று அதிகமாக. குதிரை வண்டிக் காலத்திலேயே, 1817-இல், ம்யூனிக் நகரத்து லாங்கென்ஸ்பெர்கர் இதற்கு வழி கண்டார். மறு வருஷம் லண்டனில் அதற்குக் காப்புரிமை வாங்கியவர் ஆக்கர்மன் என்ற புத்தக வியாபாரி. பெயரும் அவருக்கே நிலைத்துவிட்டது. வியாபாரியிடம் யோசனையைச் சொன்னால் வேறென்ன நடக்கும்!

சக்கரங்களை இணைக்கும் கம்பியின் நுனியில், கிண்ணத்துக்குள் புரளும் நெல்லிக்காய் அளவு இரும்புக் குண்டு ஒன்று இருக்கிறது. அதுதான் டை ராடு எண்டு. இத்தகைய சாமான்கள் ஒரு காலத்தில் கப்பலில்தான் வந்தன. உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யத் திட்டமில்லாத கம்பெனிகள் வெளியேற வேண்டுமென்று 1953-இல் சர்க்கார் சொன்னது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. 1929-இலிருந்து மோட்டார் வியாபாரம் செய்துவந்த ரானே மெட்ராஸ், 1960-இல் டை ராடு எண்டுகளைத் தானே செய்யத் தொடங்கியது. வேளச்சேரியில் இருந்தது அதன் ஆலை.

குண்டு தேய்ந்தால் முதலில் ஸ்டியரிங்கில் 'பிளே' தெரியும். பிறகு சக்கரம் உதறும். கிண்ணத்தை விட்டுக் குண்டு கழன்றாலோ, பஸ் ஸ்டாப்பில் நிற்கிற ஜனங்களைக் கடவுள்தான் காக்க வேண்டும்.

கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணிவைத்து, புதியதை அத்தனை சுற்றே ஏற்றுவார் நல்ல மெக்கானிக். பழைய காட்டர் பின்னை மறுபடி போடமாட்டார். அதன்பின் சக்கரங்களின் நேர்ப்பாட்டையும் அளந்து பார்ப்பார்.

ஆனால் புதியதற்கு எங்கே போவது? செய்த கம்பெனியே இல்லை. தொழிற்சாலை நின்ற மண்ணில் இன்று கம்ப்யூட்டர் அலுவலகங்கள். வேறு வண்டியின் எண்டு கிடைக்கும், மரையும் சேரும். கூம்பின் சரிவு மயிரிழை மாறினாலும், நட்டை எவ்வளவு முறுக்கினாலும் உள்ளே ஆடும். ஆகவே தேர்ந்தவர்கள் கூம்பில் நீல மசி தடவி, துளையில் பொருத்தி, திருகி எடுத்துப் பார்க்கிறார்கள். நீலம் சுற்றிலும் ஒரே சீராகப் பதிந்திருந்தால்தான் மாட்டுவார்கள்.