எக்ஸ்பி நிறுவல் சிடியில் சாட்டா டிரைவர் சேர்த்தல்

விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்த பிறகு சந்தைக்கு வந்த ஹார்டு டிஸ்க் கன்ட்ரோலர்களுக்கான டிரைவர்களை அதன் நிறுவல் சிடிக்குள் சேர்த்து, தானாகவே பூட் ஆகும் புதிய சிடியாக எழுதிக்கொள்ளும் முறை இது. விண்டோஸ் 2000, சர்வர் 2003 ஆகியவற்றுக்கும் ஏறக்குறைய இதே முறைதான். சாட்டா டிஸ்க்குகள் பரவத் தொடங்கியதிலிருந்து விண்டோஸ் 7 ஊன்றிக்கொள்ளும்வரை கணினி பழுதுபார்ப்போரின் அன்றாட வேலைகளில் ஒன்றாக இது இருந்தது. எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்தியது. ஆனால் ஆய்வகக் கருவிகளையும் தொழிற்சாலை இயந்திரங்களையும் ஓட்டும் மென்பொருள்கள் சில எக்ஸ்பியை விட்டு நகரவே இல்லை. அவற்றோடு இணைந்த கணினி பழுதாகி, சற்றே புதிய கணினி ஒன்றை அதனிடத்தில் வைக்கும்போது இந்த வேலை மறுபடியும் வந்து நிற்கிறது.

சிக்கலின் வேர்

எக்ஸ்பி 2001 ஆகஸ்டில் முடிக்கப்பட்டு, அக்டோபர் 25 அன்று விற்பனைக்கு வந்தது. அன்றைய மேசைக் கணினிகளில் ஹார்டு டிஸ்க், சிடி டிரைவ் இரண்டும் பட்டையான ஐடிஇ கேபிளில்தான் இணைந்திருந்தன. அந்தக் கேபிளுக்கு மாற்றான சாட்டா இணைப்பின் 1.0ஏ வரையறை 2003 ஜனவரியில் வந்தது. சாட்டா கன்ட்ரோலரோடு இயங்குதளம் பேசுவதற்கான பொது ஒழுங்கான ஏஎச்சிஐயை இன்டெல் 2004இல் வெளியிட்டது. அதே ஆண்டு வந்த ஐசிஎச்6 வரிசைச் சிப்களில் அது இடம்பெற்றது. 2008இல் வந்த மூன்றாவது சர்வீஸ் பேக்கில்கூட எக்ஸ்பிக்கென ஏஎச்சிஐ டிரைவர் சேர்க்கப்படவில்லை.

கேபிள் மாறியதால் மட்டும் சிக்கல் வந்துவிடவில்லை. பிசிஐ கருவி ஒவ்வொன்றும் தான் என்ன வகை என்பதை ஒரு வகை எண்ணால் அறிவிக்கும். ஐடிஇ கன்ட்ரோலர் 0101 என்று சொல்லும். அப்படிச் சொல்லும் எந்த நிறுவனத்தின் சிப்பையும் இயக்க எக்ஸ்பியிடம் ஒரு பொது டிரைவர் உண்டு. ஏஎச்சிஐ முறையில் இயங்கும் அதே சிப் 0106 என்கிறது, ரெய்டு முறையில் 0104 என்கிறது. எக்ஸ்பி சிடியில் 0106 என்ற எண்ணுக்கு எதிரே எதுவும் எழுதப்படவில்லை. டிஸ்க் நல்ல நிலையில் இருந்தும், கேபிள் சரியாக இருந்தும், பயாஸ் திரையில் டிஸ்க்கின் பெயர் தெரிந்தும் நிறுவல் நிரல் மட்டும் அதைக் காணாமல் விழிப்பதற்கு இதுதான் காரணம்.

டிரைவர் எப்போது தேவை?

அச்சுப்பொறிக்கோ ஒலி அட்டைக்கோ டிரைவர் இல்லாவிட்டால் இயங்குதளத்தை நிறுவிய பின் நிதானமாகப் போட்டுக்கொள்ளலாம். டிஸ்க் கன்ட்ரோலரில் அந்தச் சலுகை இல்லை. எக்ஸ்பி நிறுவலின் தொடக்கத்தில் ஏற்றி நிரல் சிடியிலிருந்து கோப்புகளைப் படிப்பது பயாஸின் துணையோடுதான். விண்டோஸ் கெர்னல் நினைவகத்தில் ஏறிப் பொறுப்பை எடுத்துக்கொண்டதும் பயாஸின் துணை முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் ஒரு பைட் படிப்பதானாலும் கெர்னலின் கையில் உள்ள டிரைவர் வழியாகத்தான் படிக்க வேண்டும். ஆகவே கன்ட்ரோலரின் டிரைவர், கெர்னல் பொறுப்பேற்கும் முன்பே பயாஸ் வழியாக நினைவகத்துக்கு வந்திருக்க வேண்டும். அது வராமல்போனால் சில கணினிகள் ஹார்டு டிஸ்க் எதுவும் இல்லை என்று அறிவித்து நிறுவலை முடித்துக்கொள்ளும். சில, 7பி என்று முடியும் பிழை எண்ணோடு நீலத்திரையில் நின்றுவிடும்.

எக்ஸ்பியை எழுதியவர்கள் இதை எண்ணிப் பார்க்காமல் இல்லை. நீல நிற எழுத்துத் திரை தோன்றியதும், வேறு நிறுவனத்தின் ஸ்கசி அல்லது ரெய்டு டிரைவர் தேவையானால் எஃப்6 விசையை அழுத்துமாறு அடிவரியில் ஒரு குறிப்பு சில நொடிகள் வந்து மறையும். அழுத்தினால் உடனே எதுவும் நடக்காது. கோப்புகள் ஏறிய பிறகுதான் டிரைவரைக் கேட்கும் திரை வரும், அதில் எஸ் விசையைத் தட்ட வேண்டும். டிரைவரை அது தேடுவது ஏ டிரைவில், அதாவது பிளாப்பியில் மட்டும். பிளாப்பியின் முதல் நிலையிலேயே டெக்ஸ்ட்செட்டப் ஓஇஎம் என்ற விவரக் கோப்பு இருந்தாக வேண்டும்.

1.44 எம்பி பிளாப்பி டிரைவ் ஒவ்வொரு கணினியிலும் இருந்த காலத்துக்கு இந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது. சாட்டா பெருகிய அதே ஆண்டுகளில் மடிக்கணினிகளிலிருந்து பிளாப்பி டிரைவ் காணாமல் போனது. யுஎஸ்பி பிளாப்பி டிரைவ் வாங்கி முயன்றவர்களில் பலருக்குப் பாதி வழியில் தடை. முதல் தடவை பிளாப்பியைப் படிப்பது பயாஸ் என்பதால் அது நன்றாகவே நடக்கும். டிஸ்க்கில் பகுதிகள் பிரித்து, ஃபார்மேட் செய்து, கோப்புகளை நகலெடுக்கும் கட்டத்தில் அதே பிளாப்பியை இரண்டாம் தடவை படிப்பது கெர்னல். நிறுவல் நிரலுக்குத் தெரிந்த ஒருசில யுஎஸ்பி பிளாப்பி மாதிரிகள் மட்டுமே அப்போது வேலை செய்யும். மற்றவற்றில், பிளாப்பி உள்ளேயே இருக்க, பிளாப்பியைப் போடச் சொல்லும் செய்தி திரும்பத் திரும்ப வரும். டிரைவரைச் சிடிக்குள்ளேயே வைத்துவிடும் முறை இந்த நெருக்கடியில்தான் பரவியது.

பயாஸில் ஒரு மாற்றுவழி

பல கணினிகளில் சாட்டா கன்ட்ரோலரை ஐடிஇ முறைக்கு மாற்றும் அமைப்பு பயாஸிலேயே உண்டு. மாற்றியதும் சிப் தன்னை 0101 என்று அறிவிக்கும், எக்ஸ்பியின் பொது டிரைவர் அதை ஏற்றுக்கொள்ளும். அவசரத்துக்கு இது நல்ல வழி, ஒரு கருவியை ஓட்டுவதற்காக மட்டும் உள்ள கணினிக்கு இதுவே போதும். என்சிக்யூ எனப்படும் கட்டளை வரிசைப்படுத்தல், கணினி ஓடும்போதே டிஸ்க்கைக் கழற்றி மாட்டும் வசதி ஆகிய இரண்டும் இதில் கிடைக்காது. பின்னொரு நாள் பயாஸில் ஏஎச்சிஐக்கு மாற்றினால், ஏற்கெனவே நிறுவிய எக்ஸ்பி அதே 7பி நீலத்திரையில் விழும். மாற்றுவதற்கு முன்பே டிரைவரை உள்ளே பதிந்து, பூட் நேரத்தில் ஏறும்படி ரெஜிஸ்ட்ரியில் அமைத்திருக்க வேண்டும். இந்த அமைப்பே தராத மடிக்கணினிகளும் நிறைய வந்தன. அவற்றுக்குப் புதிய சிடி தயாரிப்பதைத் தவிர வேறு எளிய வழி இல்லை.

சரியான டிரைவரைக் கண்டறிதல்

கைக்கு வரும் சிடிகளில் தவறிப்போனவை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறியிருக்கும். கணினியின் மாடல் பெயரை வைத்து டிரைவர் தேடுவது போதாது, ஒரே மாடலில் வேறு வேறு சிப் இருக்கலாம். நம்பத்தக்கது வன்பொருள் அடையாள எண். கணினியில் வேறு விண்டோஸ் ஏற்கெனவே இருந்தால், அதை அழிக்கும் முன் டிவைஸ் மேனேஜரில் கன்ட்ரோலரின் விவரப் பக்கத்தைத் திறந்து எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். எதுவுமே இல்லாத கணினியை லினக்ஸ் லைவ் சிடியில் பூட் செய்தும் பார்க்கலாம்.

குறிக்கும்போது கணினி எந்த முறையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இன்டெலின் நிறுவன எண் 8086. மடிக்கணினிகளில் மிகுதியாக வந்த ஐசிஎச்7-எம் சிப், ஐடிஇ முறையில் தன் கருவி எண்ணை 27சி4 என்று சொல்லும், ஏஎச்சிஐ முறையில் 27சி5 என்று சொல்லும். பயாஸை ஐடிஇயில் வைத்துக்கொண்டு எண்ணைக் குறித்து, அதற்கேற்ற டிரைவரைத் தேடினால் தேடல் தவறான திசையில் போய்விடும்.

தேவைப்படுவது எஃப்6 பிளாப்பிக்கென வெளியிடப்பட்ட டிரைவர் தொகுப்பு. சிஸ், ஐஎன்எஃப், கேட் என முடியும் கோப்புகளோடு டெக்ஸ்ட்செட்டப் ஓஇஎம் கோப்பும் அதில் இருக்கும். இரட்டைச் சொடுக்கில் ஓடும் நிறுவல் நிரல் இங்கே உதவாது, அதைப் பிரித்து உள்ளிருக்கும் கோப்புகளை எடுக்க வேண்டும். 32 பிட் எக்ஸ்பிக்கு 32 பிட் டிரைவர்தான். விஸ்டாவுக்கோ விண்டோஸ் 7க்கோ எழுதப்பட்ட டிரைவரை எக்ஸ்பியில் திணிக்க முயல்வது வீண்வேலை. அவற்றில் பல ஸ்டோர்போர்ட் என்ற அடித்தளத்தை நம்பியிருக்கின்றன, அது சர்வர் 2003இல்தான் அறிமுகமானது. எக்ஸ்பியிடம் இருப்பது பழைய ஸ்கசிபோர்ட்.

சிடிக்குள் நடக்கும் மாற்றங்கள்

சிடியின் ஐ386 கோப்புறையில் டெக்ஸ்ட்செட்டப் சிஃப் என்றொரு நீண்ட உரைக்கோப்பு உண்டு. எந்தக் கருவிக்கு எந்த டிரைவர், எந்தக் கோப்பு எங்கே போக வேண்டும் என்பதையெல்லாம் முதல் கட்ட நிறுவல் இதைப் பார்த்தே அறிகிறது. இன்டெலின் ஐஏஸ்டோர் டிரைவரைச் சேர்ப்பதென்றால் இக்கோப்பின் நான்கு பகுதிகளில் வரிகள் ஏற வேண்டும். வன்பொருள் எண்களின் பட்டியலில், நிறுவனம் 8086, கருவி 27சி5, வகை 0106 என வரும் கருவிக்கு ஐஏஸ்டோர் என்று ஒரு வரி. ஸ்கசி ஏற்றல் பகுதியில் அந்த டிரைவரின் கோப்புப் பெயர். ஸ்கசி பகுதியில் திரையில் காட்ட வேண்டிய பெயர். மூலக்கோப்புகள் பகுதியில், இக்கோப்பை சிஸ்டம்32க்குள் இருக்கும் டிரைவர்ஸ் கோப்புறைக்கு நகலெடு என்று சொல்லும் வரி. இந்த வரியில் காற்புள்ளிகளுக்கிடையே வரும் 4 என்ற எண்தான் அந்தக் கோப்புறையைக் குறிக்கிறது. ஒரு காற்புள்ளி கூடினாலோ குறைந்தாலோ கோப்பு போய்ச் சேராது. முதல் கட்டம் முடிந்து மறுதொடக்கம் ஆனதும் கணினி நின்றுவிடும். டிரைவர் கோப்பை மேக்கேப் கட்டளையால் சுருக்கி, பெயரின் கடைசி எழுத்தை அடிக்கோடாக்கி, ஐ386 கோப்புறையிலேயே வைக்க வேண்டும்.

இவ்வளவும் எழுத்துத் திரைக் கட்டத்துக்கு மட்டும். அடுத்து வரும் வரைகலைக் கட்டத்தில் பிளக் அண்ட் பிளே அதே கன்ட்ரோலரைப் புதிதாகக் கண்டு, அதற்குரிய ஐஎன்எஃப் கோப்பைத் தேடும். ஆகவே ஐஎன்எஃப், கேட் கோப்புகளும் அது தேடும் பாதையில் இருந்தாக வேண்டும்.

இவற்றைக் கையால் செய்தவர்கள் உண்டு. ஆனால் பெரும்பாலோர் நம்பியது என்லைட் என்ற இலவச மென்பொருளை. சிடியின் கோப்புகளை ஒரு கோப்புறைக்கு நகலெடுத்து அதற்குக் காட்டி, டிரைவர் பகுதியில் ஐஎன்எஃப் கோப்பைச் சுட்டினால், இது சாதாரண டிரைவரா, எழுத்துத் திரைக் கட்டத்துக்கான டிரைவரா என்று கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தால் டிரைவர் ஆதரிக்கும் சிப்களின் பட்டியல் விரியும், நம்முடையதைத் தொட்டுவிட்டால் மேலே சொன்ன வேலைகளை அதுவே முடித்துவிடும். எந்தச் சிப் என்று தெரியாதவர்களுக்காக, நூற்றுக்கணக்கான கன்ட்ரோலர்களின் டிரைவர்களை ஒன்றாகத் திரட்டிய டிரைவர்பேக்ஸ் தொகுப்பும் இருந்தது. ஒரே கணினிக்கான சிடி என்றால் ஒரு டிரைவரோடு நிறுத்திக்கொள்வதே மேல். ஒரே வன்பொருள் எண்ணை இரண்டு டிரைவர்கள் உரிமை கொண்டாடினால் எது ஏறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

வரிசையும் முக்கியம். சர்வீஸ் பேக்கை முதலில் கலந்துவிட்டுத்தான் டிரைவரைச் சேர்க்க வேண்டும். சர்வீஸ் பேக் டெக்ஸ்ட்செட்டப் சிஃப் கோப்பையே மாற்றி வைக்கும், ஆகவே முன்பு சேர்த்த வரிகள் அதில் அழிந்துபோகும். சர்வீஸ் பேக் எதுவும் இல்லாத மூல எக்ஸ்பி 137 ஜிபிக்கு மேல் டிஸ்க்கைச் சரியாகக் கையாளாது என்பதும் அதை முதலில் கலப்பதற்கு ஒரு காரணம்.

எழுதுவதும் சோதிப்பதும்

மாற்றிய கோப்புறையை வெறுமனே சிடியில் நகலெடுத்தால் அது பூட் ஆகாது. பீனிக்ஸ், ஐபிஎம் நிறுவனங்கள் 1995இல் வகுத்த எல் டொரிட்டோ முறைப்படி, அசல் சிடியிலிருந்து எடுத்த பூட் பகுதியோடு ஐஎஸ்ஓ பிம்பம் உருவாக்கி எழுத வேண்டும். சிடியின் முதல் நிலையில் வின்51 என்று தொடங்கும் சிறு அடையாளக் கோப்புகள் இருக்கும். தேவையற்றவை என்று நினைத்து அவற்றை நீக்கினால், சரியான சிடியைப் போடும்படி நிறுவல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

எழுதும் முன் ஐஎஸ்ஓவை விர்ச்சுவல்பாக்ஸில் ஓட்டிப் பார்க்கலாம். அதன் சாட்டா கன்ட்ரோலர் இன்டெலின் ஐசிஎச்8-எம் சிப்பாக, 2829 என்ற கருவி எண்ணோடு, ஏஎச்சிஐ முறையில் தன்னைக் காட்டிக்கொள்ளும். இன்டெல் டிரைவரில் அந்த எண்ணையும் தேர்ந்து சேர்த்திருந்தால், டிரைவர் இரு கட்டங்களிலும் ஏறுகிறதா என்பதை ஒரு சிடிகூட வீணாக்காமல் அறியலாம். சிடியே இல்லாமல், பிளாப்பியின் பிம்பத்தை நினைவகத்தில் ஏற்றி அதையே ஏ டிரைவாகக் காட்டும் வழிகளும் கிரப்4டாஸ், ஃபிராடிஸ்க் போன்றவற்றால் பின்னர் வந்தன. பென்டிரைவிலிருந்து எக்ஸ்பி நிறுவுவோருக்கு இவை பெரிதும் உதவின.

எக்ஸ்பிக்குப் பிறகு

2007 ஜனவரியில் கடைகளுக்கு வந்த விஸ்டா, நிறுவல் திரையிலேயே டிரைவரை ஏற்றும் பொத்தானை வைத்தது. சிடி, பென்டிரைவ் எதிலிருந்தும் அது டிரைவரை எடுத்துக்கொள்ளும். ஏஎச்சிஐக்கான பொது டிரைவரும் உள்ளேயே வந்துவிட்டது. அதே குறை வேறு இடத்தில் மறுபடி தலைகாட்டியது. விண்டோஸ் 7 வட்டில் என்விஎம்இ டிஸ்க்குக்கும் யுஎஸ்பி 3.0 கன்ட்ரோலருக்கும் டிரைவர் இல்லை. அவற்றை டிஸ்ம் கட்டளையால் பூட் விம், இன்ஸ்டால் விம் என்ற இரு பிம்பங்களிலும் சேர்க்க வேண்டும். பூட் விம்மை விட்டுவிட்டால் நிறுவல் நிரலுக்கு டிஸ்க் தெரியாது. இன்ஸ்டால் விம்மை விட்டுவிட்டால் நிறுவல் முடிந்த விண்டோஸ் பூட் ஆகாது.

2020இல் வந்த இன்டெலின் 11ஆம் தலைமுறை மடிக்கணினிகள் பலவற்றில் விஎம்டி என்ற கன்ட்ரோலர் இயக்கப்பட்டே வருகிறது. அவற்றில் விண்டோஸ் 10 நிறுவும்போது டிஸ்க் பட்டியல் காலியாகத் தெரிந்தால், இன்டெலின் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென்டிரைவில் வைத்து ஏற்ற வேண்டும். இன்டெல் தருவது ஒற்றை நிறுவல் கோப்பாக இருந்தால் அதை அப்படியே பென்டிரைவில் போடுவதில் பயனில்லை. வேறொரு கணினியின் கட்டளைத் திரையில் எக்ஸ்ட்ராக்ட்டிரைவர்ஸ் என்ற தேர்வோடு அதை ஓட்டி, பிரிந்து வரும் ஐஎன்எஃப் கோப்புறையை நகலெடுக்க வேண்டும்.