முதியோர் இல்லம்: தோற்றமும் வளர்ச்சியும்

ஒரு சமுதாயத்தின் பண்பாட்டை அறிய விரும்புவோர், அதன் கோபுரங்களைப் பார்ப்பதிலும் அதன் முதியோரைப் பார்ப்பதே நன்று. காடழித்துக் கோப்பியும் பின்னர் தேயிலையும் நட்ட தொழிலாளரின் வழித்தோன்றல்களாகிய நாம், இப்பொருளைச் சிந்தியாதிருத்தல் தகுமோ?

இலங்கையின் பழைய முதியோர் இல்லங்களுள் ஒன்றின் வரலாறு, பிரான்ஸ் தேசத்திலே ஓர் ஏழைப் பெண்ணின் அறையில் தொடங்குகின்றது. 1839ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், ழான் ஜூகான் என்னும் அப்பெண், கண்பார்வையிழந்த விதவையொருத்தியைத் தம் வீட்டுக்கு அழைத்து வந்து, தமது கட்டிலையே அவளுக்குக் கொடுத்தார். கையில் செல்வம் இல்லை. கூடையொன்றை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று யாசித்தார். ஒரு கட்டில் பல கட்டில்களாயிற்று; ‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’ என்னும் கன்னியர் சபை தோன்றிற்று. அச்சபையார் 1882இல் கல்கத்தாவிலும், 1888இல் கொழும்பிலும் சாதி மத பேதமின்றி ஏழை முதியோர்க்கு இல்லம் அமைத்தனர். ஆனால் 1879இல் ழான் ஜூகான் மறைந்தபோது, அவரே சபையை ஆரம்பித்தவர் என்பதை இளங்கன்னியர் பலரும் அறியார்! பெயரை நாடாது தொண்டை நாடியவர் அவர்.

இத்தகைய தொண்டு எம்மதத்தார்க்கும் உரியதே. சென்னையில் 1978ஆம் ஆண்டு சாவித்திரி வைத்தி அம்மையார், ஆதரவற்ற முதியோர்க்காக ‘விச்ராந்தி’ இல்லத்தை ஆரம்பித்தார்.

இனி எமது ஊவாவை நோக்குவோம். பசறை, நமுனுகுல, ஹாலி-எல, தெமோதரை, ஹப்புத்தளை ஆகிய பகுதித் தோட்டங்களில், வீடு என்பது வேலையோடு பிணைந்ததாகவே வளர்ந்தது. பேர் போட்டவருக்கு லயத்தில் ஒரு காம்பரா. பேர் நின்றால் பிள்ளைகளின் காம்பராவே தஞ்சம். குழந்தைகளுக்குப் பிள்ளைக் காம்பரா இருந்தது. கொழுந்தெடுத்துக் கூன் விழுந்த மூதாட்டிக்கோ அடுப்படி மூலையே மிஞ்சியது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி வந்தது. எனினும், மொத்தமாகக் கைக்கு வரும் அப்பணம் ஒரு கலியாணத்திலோ கடனிலோ கரைந்துபோவதை நாம் கண்டிருக்கின்றோம்.

பிள்ளைகளையே ஊன்றுகோலாகக் கொண்ட முதியோரை 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பெரிதும் வருத்தியது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனக் கணக்குப் பிரித்தார்கள். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். ஏட்டில் அது வெறும் எண். லயத்திலோ மகன் ஒரு கரையிலும் தாய் மறுகரையிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. இன்று கடல் பிரிக்காவிடினும் கொழும்புக் கடைகளும் வெளிநாட்டு வேலைகளும் பிரிக்கின்றன.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பேணும் கடமையைப் பிள்ளைகள் மீதே வைத்திருக்கின்றது. ஆகவே, இல்லம் என்பது பெற்றோரைத் தள்ளிவிடும் இடமன்று. “இல்லம் கட்டினால் பிள்ளைகள் கடமை மறப்பர்” என்று பெரியோர் சிலர் அஞ்சுவது நியாயமே. ஆனால் பிள்ளையே இல்லாதவர் எங்கே போவார்? அவர்க்கே இல்லம் வேண்டும்.

வாலிபத் தோழர்களே! பெருங்கட்டடமும் பெருநிதியும் கிடைக்கட்டும் என்று காத்திருத்தல் வேண்டாம். நம் தாய்மார் அறிந்த பிடியரிசி முறை, அப்பிரெஞ்சுப் பெண்ணின் கூடைக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. உலை வைக்குமுன் எடுத்துவைக்கும் ஒரு பிடி, ஒரு முதியவரின் ஒரு வேளை உணவு. முதலில் நம் லயத்தில் தனித்திருக்கும் முதியவர் யாவர் எனக் கணக்கெடுப்போம். அவரை மருந்துக்கு அழைத்துச் செல்ல முறை வைப்போம். இல்லம் அங்கிருந்தே வளரும்.

நமக்கு நிழல் தரும் மரத்தை நட்டவர் வெயிலில் நிற்கலாகாது.