ஏரிக்கு ஓர் ஆள்

பெங்களூருக்குப் பிழைப்புத் தேடி வந்த தமிழர்களுள் மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில் ஒருமுறையேனும் கால் வைக்காதவர் அரியர். மூட்டை முடிச்சுகளோடு நாம் நின்ற அந்த இடம் முற்காலத்தில் ஓர் ஏரியின் வயிறு என்பதை அன்று நமக்கு யாரும் சொல்லவில்லை. தர்மாம்புதி என்பது அதன் பெயர். அம்புதி என்றால் கடல். கடலென்று பெயர் பெற்ற இடத்தில் இன்று தண்ணீரைப் புட்டியில் அடைத்து விற்கிறார்கள்.

பெங்களூர், கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், மேட்டு நிலத்தின் முதுகின்மேல் அமைந்த ஊர். பேராறு எதுவும் இதன் அருகே ஓடவில்லை. மேற்குச் சரிவில் பெய்யும் மழை விருஷபாவதி என்னும் சிற்றாற்றில் சேர்ந்து, அர்க்காவதி வழியே காவிரிக்குப் போகும். கிழக்குச் சரிவில் இறங்குவது தென்பெண்ணையில் கலக்கும். ஓடும் நீரைத் தடுத்து நிறுத்தினாலன்றி இங்கே பயிருமில்லை, குடியுமில்லை. ஆகவே பள்ளத்தாக்குகளின் குறுக்கே கரையிட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக ஏரிகளை அமைத்தனர் முன்னோர். மேல் ஏரி நிரம்பினால் மிகுநீர் கலிங்கு வழியே இறங்கிக் கீழ் ஏரியைச் சேரும். ஏரிகளை இணைக்கும் பெருங்கால்வாயைக் கன்னடத்தார் ‘ராஜகாலுவே’ என்பர். பெரிய நீர்நிலை கெரெ, சிறியவை கட்டெ, குண்டெ. நம்முடைய ஏரி, குளம், குட்டை என்னும் வரிசையை ஒத்தது இது.

இந்த ஏரிகளின் வரலாற்றில் தமிழுக்கும் ஒரு சிறு பங்குண்டு. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் இப்பகுதியைக் கைக்கொண்டனர். அடுத்த நூற்றாண்டில் ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் அவர்களைத் தலைக்காட்டில் வென்று அகற்றும் வரை இங்கே அவர்கள் ஆட்சி நடந்தது. தொம்மலூர் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகளை இன்றும் காணலாம். சோழர் போன பின்னும் கல்லில் தமிழ் எழுதுவது நிற்கவில்லை. விபூதிபுரத்தில் கிடைத்த, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று, காடு திருத்தி ஊர் அமைத்து ஏரி கண்ட செய்தியைக் கூறுகிறது. இதைச் சொல்வது உரிமை கொண்டாடுவதற்காக அன்று. கங்கரும் ஹொய்சளரும் விஜயநகரத்தாரும், 1537இல் நகரை நிறுவிய கெம்பே கவுடரும், பெயர் தெரியாத ஊர்த் தலைவர்களும் வெட்டிய ஏரிகளே மிகுதி. வெட்டியவர் எம்மொழியினராயினும் வெட்டியபின் அதைக் காப்பது எவ்வாறு என்னும் கேள்வி எல்லாருக்கும் பொதுவாக இருந்தது.

அதற்கு அவர்கள் கண்ட விடை ‘நீரகண்டி’. ஏரியின் மதகைத் திறக்கவும் மூடவும், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் விடுவது என்று அளக்கவும், கரையில் எலிவளை தோன்றினால் ஊருக்குச் சொல்லவும் பொறுப்பான ஒருவர். அறுவடையில் அவருக்குத் தானியப் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் நாம் நீர்க்கட்டி என்று அழைப்பவரே அவர். கோடையில் ஊரார் வண்டல் எடுத்துத் தம் வயலில் கொட்டுவர். அதனால் ஏரி ஆழமாகும், வயல் உரம் பெறும். பராந்தக சோழன் காலத்தில், 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உத்திரமேரூர்ச் சபையார் ஏரி வாரியம் ஒன்றைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்ததை நேயர்கள் பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பார்கள். அங்கே வாரியம், இங்கே நீரகண்டி. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே.

இந்த ஏற்பாட்டைப் பொற்காலம் என்று நாம் கூறமாட்டோம். நீரைப் பங்கிட்டவர் பல ஊர்களில் தாழ்த்தப்பட்ட குலத்தவர். ஆனால் அவர் அளந்து விட்ட நீர் பாய்ந்த வயல்களில் அவருக்கு வயல் இருந்ததில்லை. குடிமராமத்து என்று நாம் பெருமையாகப் பேசும் உழைப்பிலும் கட்டாயம் இருந்தது. சென்னை மாகாணத்தில் 1858ஆம் ஆண்டிலேயே அதற்கெனக் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்ற நேர்ந்தது. இத்தனை குறைகளோடும், ‘இந்த ஏரிக்கு யார் பொறுப்பு?’ என்று கேட்டால் ஒரு பெயரைச் சொல்ல முடிந்தது.

பெங்களூரில் அந்தப் பெயர் மறைந்தது குழாய் வந்த பிறகு. 1890களில் ஹெசரகட்டா ஏரியிலிருந்தும், 1933இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்திலிருந்தும், 1974இல் காவிரியிலிருந்தும் நீர் வந்தது. காவிரி நீர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்திற்கு மின்விசையால் ஏற்றப்படுகிறது. நம் வீட்டுக் குழாயைத் திறக்கும்போதெல்லாம் அந்த மின்சாரமும் சேர்ந்தே செலவாகிறது. குழாய் நீரை நாம் குறை கூறவில்லை. காலராவையும் குடம் சுமந்த பெண்களின் இடுப்பு வலியையும் குறைத்தது அது. ஆனால் ஏரியைக் குடிக்காதவனுக்கு ஏரியின் நினைவு எதற்கு? வயல்கள் மனைகளாயின, மதகுகள் துருவேறின, நீரகண்டிக்கு நெல் அளக்க அறுவடையே இல்லை. சல்லகட்டா ஏரி கோல்ப் மைதானமாயிற்று. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமாயிற்று.

சம்பங்கி ஏரி முற்றிலும் மறையாமல் ஒரு மூலையில் சிறு குளமாக நிற்பதற்குக் காரணமானவர்கள் திகளர் என்னும் தோட்டக்காரச் சமூகத்தார். அவர்களின் முன்னோர் தமிழகத்திலிருந்து வந்தவர் என்பர். வட தமிழ்நாட்டில் போலவே அவர்களுக்கும் திரௌபதியே தெய்வம். ஆண்டுதோறும் சித்திரைப் பௌர்ணமியில் எடுக்கும் கரகத்திற்கு அந்த ஏரி வேண்டும். ஏரி போயிற்று, கரகம் போகவில்லை. ஆதலால் கரகத்திற்காகக் குளம் ஒன்று விடப்பட்டது. ஒரு நீர்நிலையைக் காக்க அதனோடு யாருக்காவது ஒரு வேலை இருக்க வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்றை நாம் கண்டதில்லை.

மிஞ்சிய ஏரிகள் சாக்கடைக்குத் தாங்குகலங்கள் ஆயின. நகரின் மிகப் பெரிய ஏரியாகிய பெள்ளந்தூர் 2015இல் நுரை கக்கியது. 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் தீப்பற்றி எரிந்தது. தண்ணீர் எரிந்த செய்தி உலகெங்கும் போயிற்று. பருவமும் தன் போக்கை மாற்றிக்கொண்டது. 2022 செப்டம்பரில் ஓர் இரவு கொட்டிய மழையில் ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பி வழிந்தன. அடைபட்ட ராஜகாலுவேக்கள் தம் பழைய தடத்தைத் தேடிச் சாலைகளில் பாய்ந்தன. கணினி நிறுவன ஊழியர்கள் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போனார்கள். 18 மாதம் கழித்து, 2024 மார்ச்சில், அதே நகரில் குடிநீர் இல்லை. நகரின் ஏறக்குறைய 14,000 பொது ஆழ்துளைக் கிணறுகளில் பாதிக்குக் கிட்ட வற்றின என்று மாநில அரசே அறிவித்தது. புவி வெப்பம் ஏறுவதால் மழை குறைந்த நாட்களில் நிறையப் பெய்யும், இடைவெளி நீளும் என்று வானிலை அறிஞர் கூறுவதை நாம் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. பெய்யும்போது வாங்கி வைக்கவும், இல்லாதபோது கொடுக்கவும் வல்ல ஒரே கருவி, முன்னோர் வெட்டிய அதே ஏரி.

இதனைச் சிலர் முன்பே உணர்ந்தனர். 1985இல் கர்நாடக அரசு லட்சுமண ராவ் தலைமையில் அமைத்த குழு, இனி ஏரிகளை உடைக்கலாகாது என்று பரிந்துரைத்தது. பின்னர்ச் சில ஏரிகளைத் தனியாருக்குக் குத்தகை விடும் முறை வந்தபோது, சூழல் ஆதரவுக் குழு என்னும் அமைப்பு 2008இல் உயர் நீதிமன்றத்தை அணுகியது. 2012இல் தீர்ப்புப் பெற்றது. ஆனால் வழக்கும் அறிக்கையும் கரையில் நின்று மண்வெட்டி பிடிக்கமாட்டா. அந்த வேலையைச் செய்ய முன்வந்தவர் அக்கம்பக்கத்துக் குடியிருப்போர்.

சர்ஜாபுரம் சாலையில் உள்ள கைகொண்டரஹள்ளி ஏரி 48 ஏக்கர் பரப்புடையது. 2009இல் மாநகராட்சி அதைச் சீர்செய்யத் தொடங்கியபோது, சுற்று வட்டாரத்தார் திட்டத்தின் வரைபடத்தையே கேட்டு வாங்கிப் படித்தார்கள். சிமெண்டுக் கரையும் அலங்கார விளக்கும் மட்டும் போதா, புல் அறுப்போர்க்கும் மீன் பிடிப்போர்க்கும் இடம் வேண்டும் என்று வாதாடினார்கள். ஜே.பி. நகரத்துப் புட்டேனஹள்ளியில் 13 ஏக்கர் ஏரி ஒன்று கிட்டத்தட்ட வறண்டு கிடந்தது. 2010இல் அங்கிருந்த குடியிருப்போர், பெண்கள் முன்னிற்க, அறக்கட்டளை ஒன்றை அமைத்து, மறு ஆண்டு மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மழை மட்டும் போதாது என்று கண்டு, அருகில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீரைச் சுத்தம் செய்து ஏரிக்குள் விடச் செய்தார்கள். வடக்கே ஜக்கூரில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் ஏரியின் தலைமாட்டில் இருக்கிறது. அங்கிருந்து வெளிவரும் நீர் கோரைப்புல் வளர்ந்த சதுப்பு வழியே ஊர்ந்து, மேலும் தெளிந்து, ஏரியைச் சேருகிறது. ஏரியில் மீன் பிடிக்கிறார்கள்.

இங்கே ஒரு சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். ஏரி அழகானதும் வேலி வருகிறது. வேலிக்கு வாயில், வாயிலுக்குக் காவலர், திறக்கும் நேரம் என்று ஒரு பலகை. காலையில் நடைபயிலும் நம்மைப் போன்றோர்க்கு அது வசதி. மாட்டைக் குளிப்பாட்ட வந்தவருக்கும், தீவனம் அறுத்து விற்கும் மூதாட்டிக்கும் அந்தப் பலகையில் நேரம் எழுதியிருப்பதில்லை. எல்லா ஏரிகளிலும் கைகொண்டரஹள்ளியில் நடந்தது போன்ற வாதாட்டம் நடக்கவில்லை. பழைய நீரகண்டியை வயலில்லாதவராக வைத்த தவற்றை, இம்முறை வேறு வடிவத்தில் செய்யலாகாது என்பது எம் கருத்து.

மற்றொரு தொழிலும் திரும்பியிருக்கிறது. கிணறு வெட்டுவதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட மண்ணு வட்டர்கள், நம் பக்கத்தில் போயர் என அழைக்கப்படுவோர், ஆழ்துளைக் கருவி வந்தபின் பிழைப்பின்றி நின்றனர். 2009இல் பெங்களூரில் மழைநீர்ச் சேமிப்புச் சட்டமாயிற்று. தமிழ்நாட்டில் 2003இலேயே ஆயிற்று. மொட்டை மாடியின் நீரைப் பூமிக்குள் இறக்க, சிமெண்டு உறை இறக்கிய சிறு கிணறுகள் வேண்டும். அதற்கு இந்தக் கைகளே வேண்டும். நகரில் 10 லட்சம் கிணறுகள் என்னும் முயற்சியைப் பயோம் அறக்கட்டளை இவர்களை வைத்தே தொடங்கியது. கப்பன் பூங்காவில் தூர்ந்து கிடந்த பழைய கிணறுகளை இவர்கள் தோண்டி எடுத்தபோது தண்ணீர் ஊறியது.

2020இல் உயர் நீதிமன்றம் ஏரிகள் குறித்த தனியார் ஒப்பந்தங்களைத் தடுத்தபோது, அக்கம்பக்கத்தாரின் அறக்கட்டளைகளும் அந்த வலையில் சிக்கின. கையில் ஒப்பந்தத் தாள் இல்லாமலே பலர் தொடர்ந்து குப்பை பொறுக்கினார்கள், மடை பார்த்தார்கள், அதிகாரிகளுக்கு மனு எழுதினார்கள். பொதுச்சொத்தைத் தனியார் விழுங்காமல் காப்பதும், ஊராரைக் கரையிலிருந்து விரட்டாமல் இருப்பதும் ஒன்றாக நடக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே செய்யும் சட்டத்தை எழுதுவது எளிதன்று.

2018 முதல் பெங்களூரின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டுக் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு அனுப்பப்படுகிறது. தங்கவயல் தமிழர்களின் அக்கம்பக்கம் அது. பல ஆண்டுகள் வறண்டிருந்த ஏரிகள் நிரம்பின என்று உழவர் மகிழ்ந்தனர். சுத்திகரிப்புப் போதாது என்று அவர்களுள்ளேயே சிலர் வழக்கும் தொடுத்தனர். மற்றொரு பக்கம், பெள்ளந்தூரின் நீர் வர்த்தூர் ஏரிக்கும், அங்கிருந்து தென்பெண்ணைக்கும் இறங்குகிறது. மாநில எல்லை தாண்டியதும் முதலில் நிற்பது ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணை. அங்கே மதகு திறக்கும் நாட்களில் வெண்ணுரை பொங்கி வயல் வரப்பில் ஒதுங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறார்கள். அப்பால் கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, கடைசியில் கடலூர்க் கரை. பெங்களூரில் வேலை பார்க்கும் கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டத்தார் பலர் விடுமுறைக்கு ஊர் போவது அந்த ஆற்றைக் கடந்துதான். அவர்கள் இங்கே கை கழுவிய நீர் அவர்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.