மூளைக்குள்ள ஓடுற வாய்க்கால்

ஈசிஆர்ல பாண்டிச்சேரி போறப்ப மரக்காணம் உப்பளத்தைப் பார்த்திருப்பீங்க. எங்க தாத்தா அங்க வேலை பார்த்தவர். பாத்தியை எட்டிக்கூடப் பார்க்காம, வாய்க்கால்ல தண்ணி போற போக்கை வச்சே எந்தப் பக்கம் வேலை நடக்குதுன்னு சொல்லிடுவார். மூளையை ஆராயற எஃப்.எம்.ஆர்.ஐ ஸ்கேனும் இதே டெக்னிக்தாங்க!

நம்ம எடையில மூளை 2 சதவீதம்தான். ஆனா சும்மா இருக்கும்போதே உடம்போட ஆக்சிஜன் செலவுல சுமார் 20 சதவீதம் அதுக்கே போயிடும். நரம்பு செல் சிக்னல் அனுப்பும்போது சோடியம் (உப்புல இருக்கிற அதே சோடியம்தான்) உள்ள வந்துடும். அதைத் திரும்ப வெளிய இறைக்கணும். அந்த இறைக்கிற வேலைக்குத்தான் செலவுல பெரும்பங்கு. செலவுன்னா ரத்தம் வந்தாகணும் இல்லையா?

இதை முதல்ல மோப்பம் பிடிச்சவர்கள்ல ஒருவர் இத்தாலிக்காரர் ஆஞ்சலோ மோஸ்ஸோ. மண்டையோட்டுல ஓட்டை விழுந்த நோயாளிகளோட மூளைத் துடிப்பை அளந்து, 1881ல புத்தகமே போட்டார். 1890ல ராயும் ஷெரிங்டனும், மூளையில வேலை நடக்கிற இடத்துக்கு ரத்தம் கூடுதலா பாயும்னு எழுதினாங்க.

அடுத்த துப்பு கிடைச்சது 1936ல். ஆக்சிஜனை இறக்கி வச்ச ஹீமோகுளோபினுக்குக் காந்தத்தன்மை உண்டு, ஆக்சிஜனோட இருந்தா கிடையாதுன்னு பாலிங்கும் கோரியலும் கண்டுபிடிச்சாங்க. 1990ல பெல் ஆய்வகத்தில் இருந்த செய்ஜி ஒகாவா, எலி மூளையில இந்த வித்தியாசம் எம்.ஆர்.ஐ படத்துல தெரியறதைக் காட்டினார். 1992ல மனுஷ மூளையிலயும் பார்த்துட்டாங்க. வேலை நடக்கிற இடத்துக்குத் தேவைக்கு மேலயே புது ரத்தம் பாயுது. அதனால காந்தத் தொந்தரவு குறைஞ்சு, சிக்னல் கொஞ்சம் ஏறுது. அவ்ளோதான் விஷயம்.

ஆக, அளக்கிறது எண்ணத்தை இல்ல, ரத்தத்தை. அதுவும் உச்சத்துக்கு வர 5, 6 விநாடி ஆகும். படத்துல ஒரு புள்ளிக்குள்ள லட்சக்கணக்கான செல் இருக்கும். நான் பொட்டி தட்டுறவன்ங்கறதால இன்னொன்னும் சொல்லணும். இவ்ளோ ஆயிரம் புள்ளியை ஒரே நேரத்துல சோதிச்சா, சிலது சும்மாவே 'எரியும்'. 2009ல கிரெய்க் பென்னட் குழு ஒரு செத்த சால்மன் மீனை ஸ்கேன்ல வச்சு, மனுஷங்க போட்டோ காட்டினாங்க. மீன் மூளையும் 'யோசிச்சுது' :-) கணக்கைச் சரியா திருத்தினதும் அந்தப் புள்ளியெல்லாம் காணாமப் போச்சு.

சிரிப்பா இருக்கலாம். ஆனா 2008ல புனே கோர்ட்டு ஒரு கொலை வழக்குல மூளைச் சோதனை முடிவையும் ஆதாரமா எடுத்துக்கிட்டு ஆயுள் தண்டனை கொடுத்துது. அது எஃப்.எம்.ஆர்.ஐ இல்ல, மின்னலைச் சோதனை. ஆனா ஆசை ஒண்ணுதான்: மெஷினை வச்சு மனசைப் படிச்சுடலாம்ங்கறது. 2010 மே 5ல, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்குல, சம்மதம் இல்லாம இந்த மாதிரி சோதனை செய்யக்கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. நல்ல தீர்ப்பு.

வாய்க்காலைப் பார்த்தா தண்ணி எந்தப் பாத்திக்குப் போகுதுன்னு தெரியும். அங்க குனிஞ்சு உப்பு வாருறவர் மனசுல என்ன ஓடுதுன்னு எங்க தாத்தாவுக்கே தெரியாதுங்க.